ஒரே ஒரு செல்லாத வாக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காலுறை போட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. நேற்று மாலை ஐந்து பத்துக்கு நம் வீட்டுக் கூடத்தில் முறைப்படி நடந்த வாக்கெடுப்பில், மேற்குச் சுவரில் இருக்கும் ஆணியைப் பிடுங்குவதில்லை என்று, ஆதரவாக இரண்டு, எதிராக ஒன்று என்ற கணக்கில் தீர்மானமாகியிருக்கிறது. இதை நிறைவேற்ற யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை என்பதால் தீர்மானம் உடனே அமலுக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் இவ்வளவு வேகமாக அமலான தீர்மானம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்த்து வாக்களித்தவன் நான். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனாலும் என் மாற்றுக் கருத்தை நாட்காட்டியின் பின்பக்கத்தில் தேதியிட்டுப் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். எந்த ஆணி என்று உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் தலைவர் தொங்கிய ஆணி. படத்தைச் சொல்கிறேன். அவர் குடும்பத்தோடும் பதினொரு பெட்டிகளோடும் விமானம் ஏறிய அன்று மத்தியானமே தெரு முழுக்கப் படங்கள் இறங்கிவிட்டன, ஆனால் சுவரில் அவர் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்து அப்படியே நிற்கிறது, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அந்த ஆணியில் இப்போது என்ன தொங்குகிறது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றும் ஒட்டியது ஒட்டியபடியே வந்தன, அதற்கு இன்னும் பழகவில்லை. முன்பெல்லாம் நம் கடிதங்களை நாம் படிப்பதற்கு முன் தபால் நிலையத்தில் ஒருவர் படிப்பார், ஒருமுறை உன் அம்மாவின் முழங்கால் வலிக்கு ஓரத்தில் தைலத்தின் பெயர்கூட எழுதி அனுப்பினாரே, அவருக்கு இப்போது தபால்தலை விற்கும் வேலை, என்னைப் பார்த்தால் உன் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார், பாதியில் விட்ட கதை மாதிரி இருக்கிறதாம் அவருக்கு. நீ மூன்று கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாய். தேர்தலில் அம்மா ஜெயித்தாளா, ஏன் அவள் “தேர்தல் நல்லபடியாக முடிந்தது, மற்றதை அப்பாவிடம் கேள்” என்று ஒரே வரி எழுதுகிறாள் என்று. சொல்கிறேன் கண்ணு. முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். நடைமுறை எதுவும் இல்லாமல் முடிவு மட்டும் வந்துகொண்டிருந்த காலம்தான் முப்பத்தொரு வருடம் இருந்ததே, அது போதும்.

பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், படிவங்களில் நம்பிக்கையுள்ள ஆள் என்று தேர்தல் ஆணையம் என்னை நம் வார்டுக்கு வாக்காளர் பயிற்சியாளராக நியமித்தது. வகுப்பு ஆரம்பப் பள்ளியின் நாலாம் வகுப்பு அறையில். உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும் பெஞ்சுகள். வாக்காளருக்கான விதிகள் மொத்தம் ஏழு, அதில் உயிரானது நாலாவது, அதாவது வாக்குச்சீட்டில் வாக்காளரின் பெயரோ கையெழுத்தோ அவரைக் காட்டிக்கொடுக்கும் வேறு எந்த எழுத்தோ இருந்தால் அந்த வாக்கு செல்லாது. இது இவ்வளவு பெரிய விஷயமா என்று நீ நினைக்கலாம், நீ இங்கே வாக்களிக்கும் வயது வருவதற்குள் போய்விட்டாய். பழைய சீட்டில் ஒரே ஒரு பெயர், அதன் பக்கத்தில் “ஆம்” என்று ஒரே ஒரு கட்டம், அதற்குக் கீழே கையெழுத்து, வீட்டு எண். கையெழுத்து இல்லாத சீட்டு வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிக்க மறுநாள் ஜீப் வரும். அதனால் ஊரில் எல்லாரும் எதை மறந்தாலும் கையெழுத்தை மறக்கமாட்டார்கள். முதல் வகுப்பில் தேநீரும் காப்பியும் போட்டியிடுவதாக வைத்து ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினேன். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது பேர், எந்தப் பக்கமும் மனம் புண்படக் கூடாது என்று இரண்டுக்கும் குறி போட்டிருந்தார்கள். ஒருவர் கையெழுத்துக்கு மேல் “தங்கள் கீழ்ப்படிதலுள்ள” என்றும் சேர்த்திருந்தார். முடிதிருத்துகிறவர் எழுந்து, “ஐயா, கையெழுத்து இல்லேன்னா நான்தான் போட்டேன்னு அவங்க எப்படி நம்புவாங்க?” என்றார். யாருக்கும் தெரியவே கூடாது, அதுதான் விஷயம் என்றேன். “யாருக்கும் தெரியாம போடுறதுக்கு எதுக்குங்க குளிச்சிட்டு நேர்ல வரணும்?” என்றார். பொறுமையாக விளக்கினேன். நாலாவது வகுப்பில் ஒரு கையெழுத்துகூட இல்லை. அன்று கரும்பலகையில் “பயம் போனால் கையெழுத்தும் போகும்” என்று எழுதிப் போட்டேன். நானே யோசித்து எழுதியது. பலர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் உன் அம்மா வார்டு உறுப்பினர் பதவிக்கு வேட்புமனு போட்டாள். என்னிடம் சொல்லவில்லை, ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் கையில் ரசீதோடு வந்தாள். காரணம் உனக்குத் தெரியாததல்ல. தலைவர் ஒரு மழை நாளில் நம் வார்டு பிரசவ விடுதிக்குள் ஒதுங்கிப் பதினேழு நிமிடம் நின்று தேநீர் குடித்தாரே, அடுத்த மாதமே அது நினைவகமாகியதே, வலியோடு படுத்திருந்த இரண்டு பெண்களை வேனில் ஏற்றி அனுப்பினார்களே, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமைத் தாதியும் அவள்தான், பிறகு அதே கட்டடத்தில் தூசி தட்ட மாற்றப்பட்டவளும் அவள்தான். தலைவர் போய் இரண்டு வருடமாகிறது, நினைவகம் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் அவருடைய காலணிகள் இருக்கின்றன. பிரசவ மேசை நடுக்கூடத்தில் இருக்கிறது, அதன் மேல் “தலைவர் தேநீர் அருந்திய மேசை” என்று ஓர் அட்டை. “அதுல அறுநூறு பிள்ளைங்க பிறந்திருக்கு, இவரு ஒரு டம்ளரை வெச்சாரு, அது இவரு மேசையாயிடுச்சு” என்று உன் அம்மா எட்டு வருடமாகச் சொல்லிவருவதை இப்போது மேடையில் சொல்ல ஆரம்பித்தாள், அவ்வளவுதான். போன வருடம் நினைவகத்துக்கு வந்த பார்வையாளர்கள் பதினான்கு பேர், அதில் பன்னிரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள். பிரசவத்துக்கு மட்டும் பெண்கள் இன்றும் பதினாறு நிறுத்தம் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில்தான் போகிறார்கள். உன் மாமா அந்தப் பேருந்தின் கண்டக்டர் என்பதால் அவனுக்கு இதில் ஒரு தொழில்முறைக் கவலை. “அத்தான், டிக்கெட் இல்லாம ஏறுற ஆளை நான் சமாளிச்சுக்குவேன். ஏறாமலே இறங்குற ஆளு ஒண்ணு ஒரு நாள் வரப்போகுது, அதுக்கு என்கிட்ட டிக்கெட் இல்ல” என்பான்.

வேட்பாளரின் கணவன் பயிற்சி நடத்துவது முறையல்ல என்று அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஆணையம் அதை வருத்தத்தோடு ஏற்பதாக எழுதியது, வருத்தம் என்ற சொல் அச்சிட்ட படிவத்திலேயே இருந்தது. அம்மாவை எதிர்த்து நின்றது ஒரே ஒருவர், கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறாரே அவர். வீட்டுக்கு ஒரு தலைவர் படம் கட்டாயம் என்ற காலத்தில் ஊருக்கே சட்டம் போட்டுக் கொடுத்தவர் என்பதால் எல்லாரும் அவரைச் சட்டக்காரர் என்பார்கள். கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய சுவரொட்டியில் “முப்பது வருடமாகச் சட்டம் போட்டவர், இனியும் சட்டம் போடுவார்” என்று இருந்ததைப் படித்துவிட்டு, வெளியூரிலிருந்து குடிவந்த பலர் அவரைப் பழைய மந்திரி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் அதை மறுக்கவில்லை. நினைவகத்துக்குள் இருக்கிற நாற்பது படங்களுக்கும் சட்டம் அவர் போட்டதுதான், அதனால் நினைவகம் ஊரின் பெருமை என்பது அவர் கொள்கை. உன் அம்மா தொட்டில் சின்னம் கேட்டாள், பட்டியலில் இல்லை, சீப்பு கொடுத்தார்கள். அவருக்கு ஏணி. வழுக்கைத் தலைக்காரர்கள் எல்லாரும் ஏணிக்குத்தான் என்று தெருவில் ஒரே சிரிப்பு. உன் அம்மாவோடு வீடு வீடாகப் போனது தையற்காரரின் மருமகள், அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அந்தப் பெண் பேசவே மாட்டாள், ஒவ்வொரு வீட்டிலும் மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்பாள். அம்மா, “இவ உட்கார்ற நேரத்தைப் பாத்துக்குங்க, பஸ்ல நிக்கிற நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பிரச்சாரம் இந்தத் தேர்தலில் யாரும் செய்யவில்லை.

வீட்டில் மட்டும் கொஞ்சம் சிக்கல். வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது உன் அம்மா, “நீங்க எனக்குத்தானே போடுவீங்க?” என்று கேட்டாள். வாக்கு ரகசியமானது, விதி ஒன்று, என்றேன். “நான் புருஷனைக் கேக்குறேன், போலீஸ் கேக்கல” என்றாள். ரகசியம் என்றால் எல்லாரிடமும்தான் ரகசியம், ஊருக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டு வீட்டில் வேறு மாதிரி நடக்க முடியாது என்றேன். உன் மாமா தட்டை வைத்துக்கொண்டு, “அக்கா, எனக்கு ரகசியம் ஒண்ணும் கிடையாது, உனக்குத்தான், சாப்பாட்டை எடுத்து வை” என்றான். அவனுக்கு எடுத்து வைத்தாள். எனக்கும் வைத்தாள், ஆனால் அந்த எட்டு நாளும் என் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது அவள் ரகசியமாகிவிட்டது. நான் புகார் சொல்லவில்லை. கொள்கைக்காகச் சிறைக்கே போனவர்கள் இருக்கிறார்கள்.

வாக்குப்பதிவு அன்று காலை ஆறரைக்கே வரிசை பள்ளி வாசலைத் தாண்டி மரக்கடை வரை நின்றது. எல்லாரும் நல்ல உடுப்பு. தச்சர் தன் முக்காலியோடு வந்திருந்தார், வரிசை நகர நகர முக்காலியும் நகர்ந்தது. என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “விதி நாலு, ஞாபகம் இருக்குங்க” என்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினேன். உன் அம்மா எனக்கு எட்டுப் பேர் முன்னால், திரும்பிப் பார்க்காமல் நின்றாள். என் முறை வந்தது. திரைக்குப் பின்னால் ஒரு மேசை, நூலில் கட்டிய ஒரு பென்சில். சீட்டை விரித்தேன். ஏணிக்கு எதிரே சட்டக்காரர் பெயர் சரியாக இருந்தது. சீப்புக்கு எதிரே உன் அம்மாவின் பெயரில் நடுவில் வரவேண்டிய ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. முப்பத்தைந்து வருடமாக நான் பிழையில்லாமல் எழுதிவரும் பெயர். எனக்கு முன் போன நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஒரு கடமையை அரைகுறையாக இல்லாமல் முழுவதுமாகச் செய்து முடித்த திருப்தி வீடு வரும்வரை இருந்தது. அது எதனால் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் பள்ளியில் பரீட்சை என்பதால் எண்ணிக்கையை நினைவகத்தில் வைத்தார்கள், அகலமான மேசை அங்கேதான் இருக்கிறது. தேர்தல் அதிகாரி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது. அட்டையை எடுத்துவிட்டு மேசை மேல் சீட்டுகளைக் கொட்டினார்கள். வேட்பாளர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள், நான் முடிதிருத்துகிறவரோடு சுவர் ஓரம் நின்றேன். இருநூறு சீட்டு பிரித்து அடுக்கிய நேரத்தில் உன் அம்மா பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடியைத் திருகியிருக்கிறாள், மேசையின் தலைப்பக்கம் சடக்கென்று ஒரு முழம் எழும்பியது, ஏணியும் சீப்பும் ஒன்றாகக் கலந்து தரையில் சரிந்தன. “இன்னும் வேலை செய்யுது பாருங்க” என்றாள், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தரையிலேயே உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். மொத்தம் எண்ணூற்று இருபத்தேழு. சீப்பு நானூற்றுப் பதின்மூன்று. ஏணி நானூற்றுப் பதின்மூன்று. அதிகாரிப் பெண் கையில் ஒரு சீட்டு மிச்சமிருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுல சீப்புக்குக் குறி இருக்கு. ஆனா வேட்பாளர் பேர்ல ஒரு ஒற்றைச் சேர்த்து, பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கு. தேதியும் இருக்கு. யார் கையெழுத்துன்னு நான் படிக்கமாட்டேன், ரகசியம்” என்று சொல்லி இரண்டு பக்கத்துக்கும் தூக்கிக் காட்டியது.

படிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. பச்சை மசி. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளுக்கு அத்தாட்சியாக வீட்டு அலமாரியில் அதே பச்சைக் கையெழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அலுவலக விதி அப்படி, பதிவேட்டில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும், இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. முப்பத்தொரு வருடம் செய்ததைக் கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது, அதுவும் நூலில் கட்டிய பென்சிலை விட்டுவிட்டு என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிதிருத்துகிறவர் மட்டும் மரியாதையாக என் காதருகே, “ஐயா பயந்துட்டாரோ?” என்றார். உன் அம்மா சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் சட்டக்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாகவேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அக்கா, இது உங்க ஓட்டுதான்னு ஊருக்கே தெரியும், சேத்துக்குங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல. வீட்டுக்காரரே போடலேன்னு பேர் வர்றதுக்கு இது எவ்வளவோ தேவல” என்றார். அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். தையற்காரர் “ஆமா, சேத்துக்குங்கம்மா” என்று குரல் கொடுத்தார். அதிகாரிப் பெண் விதிப் புத்தகத்தைப் புரட்டியது. கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சார், இந்த வார்டுல பயிற்சி கொடுத்தது நீங்கதானே. விதி நாலு இதுக்கு என்ன சொல்லுது, நீங்களே சொல்லுங்க” என்றது. எதிரே மேசை நின்றது, தலைப்பக்கம் இன்னும் தூக்கியபடியே. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள், வயதைக் காட்டி விட்டுவிட்டிருப்பார்கள், நானூற்றுப் பதினான்கு ஆகியிருக்கும். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உன் அம்மாதான், “சொல்லுங்க. தெரிஞ்சதைச் சொல்றதுக்கு என்ன?” என்றாள். சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். வகுப்பில் படித்தவர்கள் பழக்கத்தில் என்னோடு சேர்ந்து சொன்னார்கள், கடைசியில் “செல்லாது” என்பதை அறையே சேர்ந்து சொன்னது. சட்டக்காரரும்தான்.

சமநிலை வந்தால் இரண்டு பெயரையும் சீட்டெழுதித் “தகுந்த ஒரு கலத்தில்” இட்டுக் குலுக்கி எடுக்கவேண்டும் என்பது அதிகாரிகளுக்கான புத்தகத்தில் விதி அறுபத்தொன்று. தகுந்த கலம் எது என்பதில் நாற்பது நிமிடம் போனது. உன் அம்மாவின் கைப்பையை அந்தப் பக்கம் ஏற்கவில்லை. சட்டக்காரரின் தொப்பியை இந்தப் பக்கம் ஏற்கவில்லை. தேநீர்க் கெட்டிலில் தேநீர் இருந்தது. கடைசியில் எந்த வேட்பாளருக்கும் சொந்தமில்லாத, ஆழமான, உள்ளே தெரியாத பொருள் அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தபின், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தலைவரின் இடது காலணியை எடுத்தார்கள். வலதில் பாச்சை உருண்டை இருந்தது. அதிகாரிப் பெண் இரண்டு சீட்டையும் உள்ளே போட்டு, குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டு வரை கையை விட்டு ஒன்றை எடுத்தது. சட்டக்காரர். அவர் கைகூப்பி, “அக்கா, மன்னிச்சுக்குங்க, மேசை விஷயத்தை நானே கூட்டத்துல எடுக்கிறேன்” என்றார். உன் அம்மா, “உன்னை எதுக்குப்பா மன்னிக்கணும், முறைப்படிதானே நடந்துச்சு. ஆளு போயி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அவரு ஷூதான் நமக்கு முடிவு சொல்லுது, அதைத்தான் பாக்குறேன்” என்றாள். பிறகு குனிந்து பிடியைத் திருகி மேசையைச் சமமாக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடை வரை அவள் முன்னே நடந்தாள். அங்கே நின்று, “முப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க எனக்காக எழுதின முதல் காதல் கடிதம்” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். “அதையும் செல்லாம பண்ணிட்டீங்க” என்றாள். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இதுவரை கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதில்லை. சட்டக்காரரும் சொன்ன சொல்லை மறக்கவில்லை, முதல் கூட்டத்திலேயே விஷயத்தை எடுத்தார், நினைவகத்தில் இருப்பது மேசையா, பிரசவ மேசையா என்று ஆராய மூன்று பேர் குழு போட்டிருக்கிறார்கள், அவர்தான் தலைவர், ஆறு மாதத்தில் அறிக்கை. குழு முதல் வேலையாக மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆய்வு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. உன் அம்மா அதைப் படித்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து தன் பழைய தாதிப் பையை எடுத்து, கத்தரிக்கோலையும் துணிகளையும் கொதிநீரில் போட்டாள். ஏன் என்று உன் மாமா கேட்டான். “நீதானே டிக்கெட் இல்லேன்னு சொன்ன” என்றாள்.

இனி ஆணி. போன வாரம் ஆணையத்திலிருந்து பதிவுத் தபாலில் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. நாட்டின் நானூற்றுப் பன்னிரண்டு வார்டுகளிலும் செல்லாத வாக்குகள் மிகக் குறைவாக, அதாவது ஒன்று மட்டுமே, பதிவான வார்டு நம்முடையது என்றும், இதற்குப் பயிற்சியாளரின் அயராத உழைப்பே காரணம் என்றும் அதில் இருக்கிறது. பக்கத்து வார்டில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேராம், அங்கே பயிற்சியாளர் ஒரு கவிஞர். நான் அதை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனேன். உன் அம்மா வாங்கிக்கொண்டு போய்ச் சட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அளவெடுக்கக்கூட வரவில்லை, ஊரில் எல்லாச் சுவர்களின் அளவும் அவருக்கு மனப்பாடம். தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாம் போட்டு நேற்றுக் கொண்டுவந்தார், வெளுத்த இடத்தில் ஒரு நூல்கூட மீறாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆணியைப் பிடுங்கவேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்ததும், அது தோற்றதும் இதனால்தான். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே “ஒன்று மட்டுமே” என்ற வரி தெரிகிறது. அம்மா அதற்குள் அதை இரண்டு முறை துடைத்துவிட்டாள். ஆகவே உன் கேள்விக்குப் பதில், அம்மா தோற்றுவிட்டாள், எப்படி என்பது மேலே உள்ளது.

நீ இதை நினைத்துக் கவலைப்படாதே, அம்மாவிடம் ஆறுதல் சொல்லி எழுதவும் வேண்டாம், அவளுக்கு ஆறுதல் சொன்னால் கோபம் வரும், அடுத்த தேர்தலுக்குத் தொட்டில் சின்னத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனு எழுதிக்கொண்டிருக்கிறாள், அதைப் பற்றிக் கேள். அங்கே நின்றுகொண்டே சாப்பிடாதே. தலையை ஈரத்தோடு வெளியே கொண்டுபோகாதே. அறைத்தோழி உன் தட்டுகளைக் கழுவுவதில்லை என்று எழுதியிருந்தாய், இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாக்கெடுப்பு வைக்காதே, பேசித் தீர்த்துக்கொள். நீ இருக்கும் இடத்தில் உனக்குப் பசியும் பயமும் இல்லாமல், கேட்டதைக் கேட்டபடி சொல்லவும் நினைத்ததை நினைத்தபடி எழுதவும் முடிந்து, நிறைய வருடம் நன்றாக இருக்கவேண்டும், எங்கள் இருவருக்கும் வேண்டியது அதுதான். மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் வாக்காளராகப் பதிவதற்கான படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், மாத முடிவுக்குள் தூதரகத்தில் கொடு. அதில் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அங்கே மட்டும் போடு. உன் பெயரை அவர்கள் தப்பாக எழுதினாலும் நீ திருத்தாதே, எனக்கு எழுது.

என்றும் உன் நினைவாக,
அப்பா
(கடிதத்துக்கு விதி நாலு கிடையாது என்பதால் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. இன்று காலை ஏழு ஐம்பது பேருந்தில், ஒன்பதாம் நிறுத்தத்துக்கும் பத்தாம் நிறுத்தத்துக்கும் நடுவில், தையற்காரரின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உன் அம்மா கூடப் போயிருந்தாள். மாமா பேருந்தை ஓரம்கட்டச் சொல்லி, எல்லாரையும் இறக்கிவிட்டு, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம். தாயும் குழந்தையும் நலம். என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய பதிவாளர் சற்றுமுன் படிவத்தோடு வந்து, பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். பேருந்தின் எண்ணை எழுதியிருக்கிறோம்.